கண்மாய்க் கரையில் ஃப்ளை ராடு: கிளம்புவதற்கு முன் எல்லாரும் கேட்கும் கேள்விகள்

எங்கள் தோப்பு காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தான் போகிற பக்கம் இருக்கிறது. அப்பச்சி காலத்தில் தென்னையும் மாவும்தான். இப்போது பழைய ஓட்டு வீட்டில் நாலு அறையை விருந்தினருக்கு ஒழுங்கு பண்ணியிருக்கிறோம், வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய குட்டை, அதைத் தாண்டினால் ஊர்க் கண்மாய். சில வருஷம் முன்னால் அமெரிக்காவில் இருக்கிற அண்ணன் என்னை மான்டானாவில் ஒரு கெஸ்ட் ராஞ்சுக்குக் கூட்டிப்போனார். மாட்டுப் பண்ணையிலேயே தங்கிக்கொண்டு குதிரை ஏறுவது, ஆற்றில் இறங்கி ஃப்ளை ஃபிஷிங் (இறகால் கட்டிய பொய் ஈயை வீசி மீன் பிடிப்பது) பண்ணுவது என்று மூன்று நாள். திரும்பி வரும்போது பெட்டியில் ஒரு ராடு, அதாவது அதற்கான தூண்டில் கம்பு, இருந்தது. இங்கே வருகிற விருந்தினருக்கு அதைச் சொல்லிக் கொடுப்பது அதிலிருந்து ஆரம்பித்ததுதான். வாட்ஸ்அப்பில் வருகிற கேள்விகளுக்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டித் தட்டி விரல் வலிக்கிறது, அதனால் மொத்தமாக இங்கே.

டிரவுட் கிடைக்குமா?

கிடைக்காது. பத்துப் பேரில் ஏழு பேர் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிரவுட் குளிர்ந்த தண்ணீர் மீன். 10 முதல் 16 டிகிரி வரை இருந்தால் அதற்குச் சுகம், 20-ஐத் தாண்டினால் திணறும், 25-ஐத் தொட்டால் தாங்குவது கஷ்டம். தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைந்துகொண்டே போகும், டிரவுட்டுக்கோ அது நிறைய வேண்டும். மான்டானாவிலேயே கோடையில் தண்ணீர் மூன்று நாள் தொடர்ந்து 23 டிகிரியைத் தொட்டால் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் சில ஆறுகளில் தூண்டில் போடக் கூடாது என்று நிறுத்திவிடுவார்கள். எங்கள் குட்டையில் சித்திரை மாத மத்தியானம் காலை வைத்துப் பாருங்கள், வெந்நீர் போட்ட அண்டா மாதிரி இருக்கும். இதில் டிரவுட்டை விட்டால் சாயங்காலம் குழம்புதான்.

சரி, பாஸ்? அது வெந்நீர் மீன்தானே?

அது வெதுவெதுப்பைத் தாங்கும், உண்மைதான். ஆனால் லார்ஜ்மவுத் பாஸ் வட அமெரிக்க மீன், நம் கண்மாயில் கிடையாது. குஞ்சு கொண்டுவந்து விடலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். தயவுசெய்து வேண்டாம். ஜப்பானில் அப்படித்தான் விட்டார்கள். அங்கே பீவா ஏரியில் 2009-ல் ஒருவர் பிடித்த பாஸ், 1932-ல் ஜார்ஜியாவில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த 22 பவுண்டு 4 அவுன்சு உலக சாதனையைச் சமன் செய்தது. தூண்டில்காரர்களுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் அந்த நாட்டு மீன்களை அது தின்று தீர்த்ததால் 2005-லேயே ஆபத்தான அந்நிய உயிர் என்று சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். நமக்கு அந்த வம்பு எதற்கு?

அப்படியென்றால் இங்கே என்னதான் பிடிப்பது?

விரால். இதைச் சொன்னதும் போனில் எதிர்ப்பக்கம் ஒரு அமைதி வரும், “அது சந்தையில் தொட்டியில் கிடக்குமே, அதுவா?” என்று. அதுவேதான். ஆனால் தொட்டியில் கிடக்கும் விராலைப் பார்த்து அதை எடை போடாதீர்கள், கூண்டில் கிடக்கும் சேவலைப் பார்த்து அதன் சண்டையை எடை போடுகிற மாதிரி ஆகிவிடும்.

பாஸ் மீனுக்கும் விராலுக்கும் உறவு கிடையாது, ஆனால் குணம் ஒன்று. இரண்டுமே ஓடித் துரத்தாது, பாசி ஓரத்தில் மறைந்து நிற்கும். இரண்டுமே தவளை என்றால் உயிரை விடும், தண்ணீர் மேலேயே வந்து அடிக்கும். இரண்டுமே குஞ்சைக் காவல் காக்கும். அதனால் பாஸுக்கு அவர்கள் கண்டுபிடித்து வைத்திருக்கும் வித்தையெல்லாம் கொஞ்சம் மாற்றினால் விராலுக்கும் பொருந்துகிறது. நான் ஆறு மாதம் டிரவுட் வித்தையை வைத்துக்கொண்டு இந்தக் குட்டையில் மல்லுக்கட்டி ஒன்றும் தேறாமல், அப்புறம்தான் இது எனக்கு உறைத்தது.

விராலிடம் கூடுதலாக ஒன்று உண்டு. அது காற்றைச் சுவாசிக்கும். சில நிமிடத்துக்கு ஒரு தடவை மேலே வந்து வாயைத் திறந்து ‘களக்’ என்று ஒரு மிடறு காற்றை விழுங்கிவிட்டு இறங்கும். காலையில் காற்று இல்லாத நேரத்தில் அந்தச் சத்தம் கரையில் நிற்பவருக்குத் தெளிவாகக் கேட்கும், அப்புறம் ஒரு வளையம் விரியும். டிரவுட்காரர்கள் ஈயைத் தின்ன மீன் மேலே வருவதைப் பார்த்து வீசுவார்கள். நாம் மூச்சு விட வருவதைப் பார்த்து வீசுகிறோம். வளையத்தின் மேலேயே போடாமல், அதன் மூஞ்சி எந்தப் பக்கம் இருந்தது என்று பார்த்து நாலடி முன்னால் போட வேண்டும்.

விரால் தவிர குறவை, கெளுத்தி, கெண்டை, ஜிலேபி எல்லாம் உண்டு. ஜிலேபி பற்றிக் கீழே சொல்கிறேன்.

ஃப்ளை ஃபிஷிங்குக்கும் சாதாரணத் தூண்டிலுக்கும் என்ன வித்தியாசம்?

சாதாரணத் தூண்டிலில் முனையில் ஈயக்குண்டோ ரப்பர் தவளையோ கனமாக இருக்கும், அந்தக் கனம் பறந்து போகும்போது பின்னாலேயே நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளையில் முனையில் இருப்பது இறகும் நூலும் சுற்றிய ஒரு முள், ஊதினால் பறக்கும். அதை எப்படி நாற்பது அடி வீசுவது? அதனால் கனத்தைக் கயிற்றிலேயே வைத்துவிட்டார்கள். பிளாஸ்டிக் பூசிய தடித்த கயிறு, அதுதான் பறக்கிறது, ஈ அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போகிறது. 5-ஆம் நம்பர் லைன் என்றால் முதல் முப்பது அடி சுமார் 9 கிராம், 8-ஆம் நம்பர் என்றால் 13 கிராம் சொச்சம். இவ்வளவுதான் விஷயம், மீதியெல்லாம் கைப்பழக்கம்.

எங்கள் தோப்பைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் இதற்கு ‘பொய்யீ’ என்று பெயர் வைத்திருக்கிறார். அவர் அறுபது வருஷமாக மூங்கில் கம்பில் உயிர்த்தவளை மாட்டி விரால் பிடிப்பவர். முதல் நாள் நான் அரை மணி நேரம் காற்றில் வீசிக்கொண்டே இருந்ததைப் பார்த்துவிட்டு, “தம்பி, தண்ணி கீழ இருக்கு” என்றார்.

ஒரு நாளில் கற்றுக்கொள்ள முடியுமா?

மீன் பிடிக்கிற அளவுக்கு முடியும், அழகாக வீசுகிற அளவுக்கு முடியாது. முதல் ஒரு மணி நேரம் தண்ணீர்ப் பக்கமே விட மாட்டோம். நெல் காயப்போடும் களத்தில் நிற்க வைத்து, முள்ளுக்குப் பதில் ஒரு சிவப்புக் கம்பளி நூலைக் கட்டிக் கொடுப்போம். முப்பது அடியில் ஒரு சொளகு இருக்கும், அதில் விழ வைக்க வேண்டும். 

எல்லாரும் செய்யும் தப்பு ஒன்றே ஒன்று: பின்பக்கம் காத்திருப்பதில்லை. நனைந்த வேட்டியை உதறிக் காயப்போடுகிற மாதிரி உதறுகிறார்கள். உதறக் கூடாது. ராடைப் பின்னால் கொண்டுபோய், கடிகாரத்தில் ஒரு மணிக்குச் சின்ன முள் இருக்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, கயிறு முழுக்கப் பின்னால் விரிந்து நேராகும் வரை சும்மா இருக்க வேண்டும், அப்புறம்தான் முன்னால். அந்தச் சும்மா இருக்கும் நேரம் ஒரு விநாடிகூட இருக்காது, ஆனால் அதுதான் யாருக்கும் வருவதில்லை. முன்னால் இழுக்கும்போது சாட்டை மாதிரி ‘பட்’ என்று சத்தம் கேட்டால் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம், பெரும்பாலும் அதோடு ஈயும் அறுந்து எங்கேயோ போயிருக்கும். பலம் வேண்டியதில்லை. ஜிம்முக்குப் போகிற பையன்களைவிட அவர்களோடு வருகிற அம்மாக்கள் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள், நான் பார்த்தவரை.

இன்னொரு விஷயம், கண்மாய்க் கரையில் உங்களுக்குப் பின்னால் வெட்டவெளி இருக்காது. கரை முழுக்க கருவேலம், அதன் முள்ளில் இதுவரை நான் தானம் பண்ணிய ஈக்களைக் கோர்த்தால் ஒரு மாலையே கட்டலாம். அதனால் பின்னால் வீசாமல், தண்ணீரில் கிடக்கும் கயிற்றை அப்படியே உருட்டி முன்னால் தள்ளும் ‘ரோல் காஸ்ட்’டை இரண்டாவது பாடமாகவே சொல்லிக் கொடுத்துவிடுகிறோம்.

என்ன ராடு, என்ன லைன்?

உங்களிடம் இருந்தால் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் எங்களிடம் மூன்று இருக்கிறது. விராலுக்கு ஒன்பதடி ராடு, 7 அல்லது 8-ஆம் நம்பர், மிதக்கும் லைன். டிரவுட்டுக்கு வாங்கிய 5-ஆம் நம்பரைக் கொண்டுவந்தால் ஜிலேபிக்கும் கெண்டைக்கும் அருமையாக இருக்கும், விராலுக்கு ஆகாது. மீனைத் தூக்கப் பலம் போதாது என்பதற்காக இல்லை, மீன் மாட்டிய உடனே பாசிக்குள் தலையை விடும், அதைத் திருப்ப அந்த ராடால் முடியாது.

நுனி நரம்பும் அப்படித்தான். டிரவுட்டுக்கு ஒன்பதடி நீளத்தில் முடி மாதிரி மெலிந்துகொண்டே போகும் நரம்பு வேண்டும், தெளிந்த தண்ணீரில் அது கண்டுபிடித்துவிடும். நம் கண்மாய்த் தண்ணீர் டீ நிறம், விரால் நரம்பையெல்லாம் பார்ப்பதில்லை. ஆறடி, 30 பவுண்டு, தடிமனாக இருக்கட்டும்.

ஆன்லைனில் மலிவாக செட்டோடு வாங்குவதைப் பற்றி: நான் வாங்கினேன், கடைப் பெயர் வேண்டாம். 8-ஆம் நம்பர் என்று ராடில் எழுதியிருந்தது, கூட வந்த லைன் எத்தனையாம் நம்பர் என்று அந்தக் கடைக்காரருக்கே தெரியவில்லை. மூன்றாம் நாள் இரண்டாவது துண்டு மூட்டில் பிளந்தது. ராடில் மிச்சம் பிடித்தாலும் பிடியுங்கள், லைனில் பிடிக்காதீர்கள்.

ஈ எங்கே வாங்குவது?

வாங்க வேண்டாம், கட்டலாம். சாயங்காலம் முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து கட்டச் சொல்லிக் கொடுக்கிறோம், மீன் பிடிக்கப் போகாதவர்கள்கூட இதற்கு உட்கார்ந்துவிடுகிறார்கள். 

எங்கள் தோப்பில் எடுபடும் ஈ இதுதான். தேய்ந்த ரப்பர் செருப்பின் வாரடிப் பக்கம் தேயாமல் கனமாக இருக்கும், அதில் சுண்டு விரல் நுனி அளவுக்கு ஒரு உருளையைப் பிளேடால் வெட்டி, முன்பக்கத்தைக் கிண்ணம் மாதிரி லேசாகக் குடைந்து, அடியில் கீறி முள்ளை நுழைத்துப் பசை போட வேண்டும். பின்னால் சேவல் கழுத்து இறகு நாலு, தவளைக் கால் மாதிரி இந்தப் பக்கம் இரண்டு அந்தப் பக்கம் இரண்டு. முள் பாசியில் மாட்டாமல் இருக்க ஒரு துண்டு கெட்டி நரம்பை வளைத்து முள் வாயை மறைத்துக் கட்டிவிட வேண்டும், இது இல்லாவிட்டால் நாள் முழுக்க வேலம்பாசிதான் பிடிப்பீர்கள். தண்ணீரில் போட்டு வெடுக்கென்று ஒரு சுண்டு சுண்டினால் அந்தக் கிண்ண வாய் ‘ப்ளுப்’ என்று சத்தம் கொடுக்கும். நீலச் செருப்பைவிடக் கறுப்புச் செருப்பு நன்றாக வேலை செய்கிறது, காரணம் கேட்காதீர்கள்.

மயிலிறகு பற்றியும் கேட்கிறார்கள். டிரவுட் ஈ கட்டுவதில் மயிலிறகுச் சிம்பு பழைய காலத்திலிருந்து பெயர் பெற்றது, இங்கேயோ தோப்பு முழுக்க மயில். உதிர்ந்து கிடப்பதில் ஒன்றிரண்டு எடுத்து இங்கேயே கட்டிப் பார்க்கலாம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் மட்டும் பெட்டியில் வைத்துக்கொண்டு போகாதீர்கள், ஏற்றுமதிக்குத் தடை உண்டு, விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

விரால் அடித்ததும் என்ன செய்வது?

ஒன்றும் செய்யாதீர்கள். இது சொல்வதற்கு எளிது. தண்ணீர் வெடிக்கிற மாதிரி இருக்கும், கை தானாக மேலே தூக்கும், ஈ உங்கள் முகத்துக்கே பறந்து வரும். விரால் பல தடவை முதல் அடியில் இரையை முழுதாக வாங்காது. கயிறு நகர்வது கையில் தெரிகிற வரை பொறுத்து, ‘ஒன்று, இரண்டு’ என்று எண்ணி, ராடைத் தூக்காமல் தண்ணீரைப் பார்த்துக் கீழேயே வைத்துக்கொண்டு, இடது கையால் கயிற்றை நீளமாக ஒரு இழு இழுக்க வேண்டும். டிரவுட்டுக்கு ராடைத் தூக்கியே பழகியவர்கள்தான் இதில் அதிகம் தவறவிடுகிறார்கள். போன வருஷம் நீலகிரியில் இருபது வருஷம் பிடித்தேன் என்று ஒருவர் வந்தார், வீச்சு அவ்வளவு அழகு, பார்த்துக்கொண்டே இருக்கலாம். காலையில் ஐந்து தடவை விரால் அடித்தது, ஐந்தும் போச்சு. அண்ணன் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். ஆறாவதுக்கு அவர் பின்னால் போய் நின்று ராடைத் தூக்க விடாமல் கையைப் பிடித்துக்கொண்டார், ஒன்றேகால் கிலோ.

மாட்டிய பிறகு விளையாடவே விடக் கூடாது. ஓட விட்டு, களைக்க விட்டு எடுப்பதெல்லாம் ஆற்றுக்குச் சரி. இங்கே விட்டால் பாசிக்குள் போய்ச் சுற்றிக்கொள்ளும், அப்புறம் இடுப்பளவு சேற்றில் இறங்கி எடுக்க வேண்டியதுதான்.

எந்த மாதம் வரலாம்?

தை, மாசி. ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சீமையில் வற்றாத ஆறு கிடையாது, எல்லாம் வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான். ஐப்பசி கார்த்திகையில் ஒரு கண்மாய் நிறைந்து கலுங்கு வழியாக மறுகால் போய் அடுத்த கண்மாய்க்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று தண்ணீர் இறங்கும். அப்போது மீன் எல்லாம் வயல் வாய்க்கால் வரை பரவிவிடும், நீங்கள் எங்கே என்று வீசுவீர்கள்? தைக்கு அப்புறம் தண்ணீர் வடிய வடிய மீன் ஒதுங்கும், மடைப் பக்கம் ஆழத்திலும் ஆம்பல் ஓரத்திலும் கூடும். பங்குனிக்கு மேல் வெயில் உங்களைத்தான் முதலில் பிடிக்கும். தண்ணீர் வற்றினால் விரால் சேற்றுக்குள் புதைந்துகொண்டு மழை வரும்வரை காற்றைக் குடித்தே கிடக்கும், அதற்கு அந்தச் சாமர்த்தியம் இருக்கிறது, நமக்கு இல்லை.

நாளில் பார்த்தால் விடிந்ததிலிருந்து எட்டரை வரை, அப்புறம் நாலரையிலிருந்து இருட்டும் வரை. நடுவில் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள், அல்லது ஆத்தங்குடிப் பக்கம் போய் டைல்ஸ் செய்வதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஊர்க் கண்மாயில் போடலாமா? ஊரணியில்?

ஊரணியில் கூடாது, பேச்சே இல்லை. செம்புறாங்கல் படிக்கட்டு, தெளிந்த தண்ணீர், படத்துக்கு அழகாக இருக்கும் என்று ராடைத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள். பல ஊரில் இன்னமும் குடிதண்ணீர் அதுதான், கால்கூட நனைக்கக் கூடாது என்று கட்டுப்பாடு உள்ள ஊரணிகள் உண்டு.

கண்மாய் வேறு கதை. சின்னக் கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு, நூறு ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ளவை பொதுப்பணித் துறை வழி வந்தவை. மீன் பிடிக்கும் உரிமையைப் பெரும்பாலும் மீன்பாசி குத்தகை என்று ஏலம் விடுவார்கள். குத்தகை எடுத்தவர் காசு போட்டுக் குஞ்சு விட்டிருப்பார், அவரைக் கேட்காமல் தூண்டில் போடுவது அவர் வீட்டுக் கோழியைப் பிடிப்பது மாதிரி. எங்கள் ஊர்க் கண்மாயில் குத்தகைக்காரரிடமும் ஊரிலும் பேசி, கிழக்குக் கரையில் மட்டும், விருந்தினர் இரண்டு பேர் வரை, பிடித்ததைத் திரும்ப விட்டுவிடுவது என்று ஒரு வாய்ப் பேச்சு இருக்கிறது. அதை நாங்கள் மீறுவதில்லை, நீங்களும் மீறக் கூடாது. குட்டை எங்கள் சொந்தம், அதில் பிரச்சினை இல்லை.

வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக் கண்மாயில் போடலாமா என்று கேட்ட அந்த நல்லவருக்கு: கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கே வெடி போடுவதில்லை. நீங்கள் போய் அங்கே ராடைச் சுழற்றுவீர்களா?

மீன்பிடித் திருவிழா என்கிறார்களே, அதில் கலந்துகொள்ளலாமா?

தண்ணீர் நன்றாக வற்றிய பிறகு, கோடையில், ஊர்ப் பெரியவர்கள் நாள் குறித்து அக்கம்பக்கத்து ஊர்களுக்குச் சொல்லி அனுப்புவார்கள். விடியற்காலையிலேயே ஆயிரக்கணக்கில் கரையில் கூட்டம் நிற்கும். சாமி கும்பிட்டுவிட்டுப் பெரியவர் ஒருவர் வெள்ளைத் துண்டை வீசுவார், அவ்வளவுதான், ஊத்தா (அடியில்லாத மூங்கில் கூடை), கச்சா, வலை என்று கையில் கிடைத்ததோடு அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். பிடித்ததை விற்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைக்க வேண்டும் என்பது பல ஊர்களில் வழக்கம். அன்றைக்குத் தெரு முழுக்கக் குழம்பு வாசம்தான்.

நீங்கள் வரலாம், இறங்கலாம், சேறு பூசிக்கொள்ளலாம். ஃப்ளை ராடை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். அந்தக் கூட்டத்தில் பின்னால் வீச இடம் தேடினால் யார் காதிலாவது போய் மாட்டும். காது என்று சும்மா சொல்லவில்லை, ஒருமுறை காற்று திரும்பி விருந்தினர் ஒருவரின் முள் என் இடது காதில் ஏறி, டாக்டர் அதை எடுத்து டெட்டனஸ் ஊசி போட்டு அனுப்பினார். அன்றிலிருந்து எல்லா முள்ளிலும் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிட்டுத்தான் கொடுக்கிறோம், கண்ணாடி போடாதவர்களுக்கு ராடு கிடையாது.

பிடித்த மீனைத் திரும்ப விட வேண்டுமா?

அண்ணனுக்கு இது இன்னமும் பிடிபடவில்லை. “விடுறதுக்கு எதுக்குத் தம்பி பிடிக்கணும், அது பாட்டுக்கு இருக்கட்டுமே” என்கிறார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது, என்னிடம் சரியான பதில் இல்லை. எங்கள் குட்டையில் ஒரு அறைக்கு ஒரு நாளைக்கு ஒரு விரால் சமையலுக்கு எடுக்கலாம், மற்றதை விட்டுவிட வேண்டும். கை நனைத்துவிட்டுத் தொடுங்கள், அதன் மேல் இருக்கும் வழுவழுப்புதான் அதற்குக் கவசம், காய்ந்த கையில் பிடித்தால் அது போய்விடும். காற்றைச் சுவாசிப்பதால் டிரவுட் மாதிரி அரை நிமிடத்தில் தவித்துப்போகாது, அதற்காக வெயில்பட்ட சிமெண்டில் போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருக்காதீர்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுப்பதே இல்லை. தண்ணீர் மேல் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கூட்டம், கொதிக்கிற மாதிரி பொடிப்பொடியாக மேலே வந்து வந்து இறங்கும். அது விரால் குஞ்சு, அடியில் தாயும் தகப்பனும் நிற்கும். அதற்குள் எதைப் போட்டாலும் கோபத்தில் அடிக்கும், குழந்தைகூடப் பிடித்துவிடலாம். பெரியதை எடுத்துவிட்டால் ஒரு மணி நேரத்தில் கெண்டையும் தண்ணிப்பாம்பும் சேர்ந்து அந்த மொத்தக் குஞ்சையும் காலி செய்துவிடும். அங்கே வீசுகிறவர் அன்றைக்கே ராடைக் கொடுத்துவிட வேண்டும். இதற்காக ஒருவரிடம் சண்டையே போட்டிருக்கிறேன், அவர் கூகுளில் ஒரு நட்சத்திரம் கொடுத்தார், கொடுக்கட்டும்.

குழந்தைகள் பிடிக்கலாமா?

ஜிலேபிக்கு விட்டுவிடலாம். இந்த ஜிலேபிக் கெண்டை ஆப்பிரிக்க மீன், 1952-ல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவந்தார்கள், இன்றைக்கு அது இல்லாத குளம் எது? சின்ன ஈ, மெல்லிய ராடு, பத்தடி வீசினால் போதும், பாசி நிறத்தில் நூல் சுற்றிய முள்ளைப் படித்துறை ஓரம் மெதுவாக இழுத்தால் கொத்தும். உள்ளங்கை அளவு இருந்தாலும் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டு நன்றாக இழுக்கும். எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம், திரும்ப விடவே கூடாது. எட்டு வயதுக்குக் கீழ் என்றால் ராடு வேண்டாம், மூங்கில் குச்சி, தக்கை, மண்புழு. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்.

பாம்பு இருக்குமா?

இருக்கும், தோப்பு. தண்ணிப்பாம்பு ஒன்றும் செய்யாது. கரையில் காய்ந்த சருகுக்குள் கண்ணாடி விரியன் இருக்கலாம், அதனால் முழங்கால் வரை பூட்ஸ் கொடுக்கிறோம், இருட்டினால் டார்ச் இல்லாமல் கரையில் நடக்கக் கூடாது. ராத்திரி மீன் பிடிப்பதும், குடித்துவிட்டுத் தண்ணீர்ப் பக்கம் போவதும் கிடையாது.

பிடித்த விராலைச் சமைத்துத் தருவீர்களா?

அதற்குத்தானே பாதிப் பேர் வருகிறார்கள். கல்லுப்பும் அடுப்புச் சாம்பலும் போட்டு வழுவழுப்புப் போகத் தேய்த்து, செதில் எடுத்து, தடித் துண்டாகப் போட்டு, மண்சட்டியில் நல்லெண்ணெய், வெந்தயம், சின்ன வெங்காயம், பூண்டு, புளி. ஆச்சி கைப்பக்குவம், பக்கத்தில் நின்று பார்க்கலாம், கரண்டியைத் தொடக் கூடாது. காலையில் பிடித்ததை அன்று மத்தியானம் வைக்கச் சொல்லாதீர்கள், ராத்திரி வைத்து மறுநாள் இட்லிக்கு ஊற்றிச் சாப்பிடுங்கள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அடுப்பும் பாத்திரமும் தனி.

எனக்கு டிரவுட்தான் வேண்டும், எங்கே போவது?

நீலகிரிக்குப் போங்கள். 1860-களில் பிரான்சிஸ் டே என்ற ஆங்கிலேயர் மீனைக் கொண்டுவர முயன்று தோற்றார். அப்புறம் 1900-க்குப் பிறகு எச்.சி. வில்சன் வெற்றி பெற்றார், அவலாஞ்சியில் 1907-ல் தொடங்கிய குஞ்சுப் பொரிப்பகம் அவர் வேலைதான். அங்கே பிழைத்து நின்றது ரெயின்போ டிரவுட். மூணாறு மலைப் பக்கமும் தேயிலைத் தோட்டத்து ஆங்கிலேயர்கள் விட்டார்கள். மீன்வளத் துறை அனுமதி வேண்டும், காப்புக்காடு என்றால் வனத்துறையும் சம்மதிக்க வேண்டும், முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்குள் தூண்டிலுக்கு இடமில்லை. போவதற்கு முன் ஊட்டியில் விசாரித்துக்கொள்ளுங்கள். மலைக்குப் போகிற வழியில் இங்கே இரண்டு நாள் தங்கிக் கையைப் பழக்கிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. திரும்பி வரும்போது அவர்களுக்கு ராடைத் தூக்கும் பழக்கம் மறுபடி ஒட்டிக்கொண்டிருக்கும், அதுதான் தொல்லை.

எப்படி வருவது, என்ன கொண்டுவருவது?

சென்னையிலிருந்து பல்லவன் காரைக்குடி வரை வருகிறது, ஸ்டேஷனுக்கு ஆட்டோ அனுப்புவோம். விமானம் என்றால் மதுரை அல்லது திருச்சி, இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தூரம். கொண்டுவர வேண்டியது: அகலத் தொப்பி, முழுக்கைச் சட்டை, கூலிங் கிளாஸ், போலராய்டாக இருந்தால் தண்ணீருக்குள் மீன் தெரியும். வெள்ளைச் சட்டை வேண்டாம், விரால் மேலே பார்க்கும். ஒரு ஜோடி தேய்ந்த கறுப்புச் செருப்பு இருந்தால் எடுத்து வாருங்கள், எங்களிடம் தீர்ந்துபோகிறது. கைவலை வேண்டாம், அண்ணன் ஊத்தா வைத்திருக்கிறார்.